வேன் வாடகை: கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா?

கேள்வி: ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர வேன் பார்க்கிறோம். நல்லூர்த் திருவிழா, நயினாதீவு, கீரிமலை எல்லாம் சேர்த்து 4 நாள். பெரியவர்கள் 5 பேர், பிள்ளைகள் 4 பேர். கடைசிப் பையனுக்கு 3 வயது, வளைவு வந்தாலே வாந்தி எடுப்பான். ஒருவர் எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 130 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் 4 நாளைக்கு டீசலோடு 72,000 ரூபாய், நாளுக்கு 150 கிலோமீட்டர், கூடினால் கிலோமீட்டருக்கு 110, டிரைவர் பாட்டா (அன்றாடச் செலவுப் படி) நாளுக்கு 3,000 தனி என்கிறார். கணவர் 72,000 சொன்னவருக்கே அட்வான்ஸ் கொடுக்கலாம் என்கிறார். ஒரு நாள் ரூம் காசு மிச்சமாகும் என்று இரவு 9 மணிக்குப் புறப்படவும் யோசனை. சரியா?

பதில்: அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு தாளை எடுங்கள். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கண்டியிலிருந்து ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் 320க்குச் சற்றுக் கூட. போக 390, வர 390. நயினாதீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் துறை, கீரிமலை என்று அங்கே சுற்ற ஒரு 150 வையுங்கள். மொத்தம் 930.

முதலாமவருக்கு 930 x 130 = 1,20,900 ரூபாய். இரண்டாமவரிடம் 4 நாளைக்கு 600 கிலோமீட்டர்தான் உள்ளடக்கம். மிச்சம் 330க்கு 36,300. பாட்டா 12,000. எல்லாம் கூட்டினால் 1,20,300. வித்தியாசம் வெறும் 600 ரூபாய்! 72,000 என்ற எண்ணைப் பார்த்து முடிவெடுத்திருந்தால், திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது இன்னும் 48,300 ரூபாய் எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே விலையை விட்டுவிட்டு வேறு விஷயங்களைக் கேளுங்கள். கிலோமீட்டர் எங்கிருந்து எண்ணப்படும்? வேன் கம்பளையில் நிற்கிறது என்றால், வெறுமனே ஹட்டனுக்கு ஏறி வருவதும் கடைசியில் இறங்கிப் போவதும் சேர்ந்து 100 கிலோமீட்டர் ஆகிவிடும். 130 ரூபாய்ப்படி அது 13,000. உங்கள் வாசலிலிருந்து வாசல் வரைதான் கணக்கு என்று பேசி, புறப்படும்போதே மீற்றரை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் தங்குவது யார் செலவு? இடையில் டீசல் விலை கூடினால் பேசிய தொகை மாறுமா? மாதக் கடைசியில் விலைத் திருத்தம் வருவது வழக்கம் என்பதால் இதையும் முன்கூட்டியே கேட்பது நல்லது. பேசியதையெல்லாம் வேன் இலக்கத்தோடும் அட்வான்ஸ் தொகையோடும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பில் புத்தகம் இல்லை என்றால் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். பயணம் நின்றுபோனால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும் என்பதும் அதில் இருக்கட்டும்.

காப்புறுதி அட்டையைக் கட்டாயம் பாருங்கள். சொந்தப் பாவனைக்கு மட்டும் காப்புறுதி எடுத்த வேனை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இழப்பீடு சிக்கலாகிவிடும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதியையும் பாருங்கள். அப்படியே ஸ்பெயார் டயரை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். இதை நான் பட்டு அறிந்தேன். மதவாச்சி தாண்டி, வவுனியாவுக்கு முன்னால், நாங்கள் போன வேனில் பின் டயர் வெடித்தது. ஸ்பெயாரை எடுத்தால் அது மொட்டை; பட்டன் தேய்ந்து உள்நூல் வெளியே தெரிந்தது. வேறு டயர் வந்து சேர இரண்டரை மணி நேரம். வெயிலில் ஒரு பாலை மரத்தடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இருந்த ஒரு போத்தல் தண்ணீரை மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தோம். அன்றிலிருந்து டயரைத் தொட்டுப் பார்க்காமல் நான் வேன் பேசுவதில்லை.

இரவுப் பயணம் மட்டும் வேண்டவே வேண்டாம். 9 மணிக்கு உங்களை ஏற்ற வருகிற டிரைவர் அன்று பகலில் என்ன செய்திருப்பார்? பெரும்பாலும் வேறு ஹயர் ஓடியிருப்பார். கண்ணுறக்கம் கெட்டவர் கையில்தான் கினிகத்தேனை இறக்கமும், விடியற்காலையில் நேராக நீளும் ஏ9 வீதியும் இருக்கும். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் அதிகாலை நேரம் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்ததை நம் மலையகத்தில் யார் மறப்பார்? ரூம் காசை இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். காலை 5 மணிக்குப் புறப்படுங்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுக் காலைச் சாப்பாட்டை முடித்து, பின்னேரத்துக்குள் வவுனியா போய் அங்கே தங்குங்கள். மறுநாள் காலை யாழ்ப்பாணம் கிட்டத்தான். முடிந்தால் 5 நாளாக்குங்கள். நாள் கணக்குக்காரரிடம் அந்த ஒரு நாளுக்கு இன்னொரு 150 கிலோமீட்டர் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

சின்னவனை முன் சீட்டில் மடியில் வைக்காதீர்கள். டிரைவருக்குப் பின் வரிசையில், முன் கண்ணாடி தெரியும்படி, பெல்ட் வேலை செய்கிற சீட்டாகப் பார்த்து உட்கார வையுங்கள். புறப்படுமுன் பால் தேத்தண்ணியும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். பாண் துண்டு போதும். ஃபோனைக் கையில் கொடுத்தால் வாந்தி கூடும். மாத்தளை தாண்டினால் வளைவு குறையும், வெயில் ஏறும். ஹட்டன் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரை அங்கேயே கழற்றிவிடுங்கள். வாந்தி எடுத்தால் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கப் பையில் இரண்டு ஜீவனி பாக்கெட் இருக்கட்டும்.

கேள்வி: பயண வழியில் ஒரு கடையில் 1 லீட்டர் தண்ணீர் போத்தலுக்கு 140 ரூபாய் எடுத்தார்கள். கேட்டால் கூலிங் சார்ஜ் என்கிறார்கள். அப்படி எடுக்கலாமா?

பதில்: எடுக்க முடியாது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வர்த்தமானிப்படி 1 லீட்டர் போத்தலின் உச்ச விலை 100 ரூபாய். குளிரூட்டிப் பெட்டியில் வைத்ததற்காக அது கூடாது. பில் கேளுங்கள்; தர மறுத்தால் கடைப் பெயர்ப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யுங்கள். 40 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த வேனில் வருகிற பிள்ளைகளுக்கும் அவர் அதே விலைதான் சொல்வார்.