அமெரிக்க வீட்டுக் காப்பீடு எந்தத் தண்ணீர் சேதத்துக்குப் பணம் தரும்?

வீட்டுக்குள்ளிருந்து திடீரென்று, தற்செயலாக வந்த தண்ணீரா என்பதுதான் முதல் கேள்வி. சுவருக்குள் குழாய் வெடித்து ஒரே ராத்திரியில் தரை ஊறிப்போனால் வழக்கமாகப் பணம் கிடைக்கும். சமையலறைத் தொட்டிக்கு அடியில் மாதக்கணக்கில் சொட்டி, பலகை உப்பி, பூஞ்சை பிடித்திருந்தால் கிடைப்பது கடினம். காப்பீடு எதிர்பாராத இழப்புக்கானது. பராமரிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. கார் காப்பீடு விபத்துக்குப் பணம் தரும், தேய்ந்த டயருக்குத் தராது அல்லவா, அதே கணக்குதான்.

பலரும் கவனிக்காத ஒன்று: ஊறிய தரைக்கும் சுவருக்கும் பணம் வந்தாலும், பழசாகி வெடித்த குழாயை மாற்றும் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். சாக்கடை நீர் குழாய் வழியே திரும்பி வீட்டுக்குள் வந்தால், அதற்குப் பணம் கிடைக்க, பாலிசியோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பாதுகாப்பை முன்பே வாங்கியிருக்க வேண்டும். தண்ணீரைப் பார்த்ததும் முதலில் மெயின் வால்வை மூடுங்கள். துடைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள், அப்புறம் உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். நாம் தாமதித்ததால் கூடிய சேதத்துக்கு அவர்கள் பணம் மறுக்கலாம்.

தண்ணீர் சேதம் என்றால் வெள்ளமும் அதில் அடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள்: வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும், 1968-இல் தொடங்கிய அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வாங்கினால் அது பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும்.