ஈக்வடார் காட்டில் நான் எடுத்த மங்கலான படத்தில் இருப்பது ஹோக்கோத்தோக்கோ ஆன்ட்பிட்டா என்ற பறவைதானா?

கண்ணருகே வெள்ளையாக ஏதோ தெரிந்திருக்கும், உடனே குறிப்பேட்டில் பெயரை எழுதியிருப்பீர்கள். சரிதானே? குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்தேன்.

தெற்கு ஈக்வடாரின் தபிச்சலாக்கா காப்பகம், கிட்டத்தட்ட 2,500 மீட்டர் உயரம். ஓயாத தூறல், ரப்பர் பூட்ஸை விடாமல் இழுக்கும் சேறு. மூங்கில் புதருக்கு அடியில் நெட்டைக் கால்களோடு ஒரு பறவை இரண்டு தத்தல் தத்தியது, நின்றது, மறைந்தது. "ஹோக்கோத்தோக்கோ!" என்று கத்தியேவிட்டேன். வழிகாட்டி உதட்டில் விரல் வைத்தார். சற்று நேரத்தில் அதே புதரிலிருந்து கணீரென்று, வரவர வேகம் கூடி மேலேறும் ஒரு குரல். அது செம்பிடரி ஆன்ட்பிட்டா, வேறொரு வகை ஆன்ட்பிட்டா. அதற்குக் கண்ணுக்குப் பின்னால் இறகில்லாத வெளிறிய தோல் உண்டு. அரையிருட்டில் என்னை ஏமாற்றியது அதுதான். ஹோக்கோத்தோக்கோவின் வெள்ளை கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், இறகாகவே இருக்கும். உச்சந்தலை கறுப்பு. குரலோ தூரத்து நாய் குரைப்பதைப் போல அடங்கி ஒலிக்கும். அதன் பெயரே அந்தக் குரலிலிருந்து வந்ததுதான்.

1997இல் ஹோக்கோத்தோக்கோவைக் கண்டுபிடித்த பறவையியலாளர் ராபர்ட் ரிட்ஜ்லி குழுவினருக்கும் முதலில் கிடைத்தது குரல்தான். பறவை பிறகுதான் கண்ணில் பட்டது. 1999இல் அவர் பெயரையே அறிவியல் பெயரில் சேர்த்தார்கள். (பெயரில் பிட்டா இருப்பதால், ஆங்கிலத்தில் பிட்டா எனப்படும் நம் ஆறுமணிக்குருவிக்கு உறவு என்று எண்ண வேண்டாம். இது வேறு குடும்பம்.)

மறுநாள் காலை காப்பக ஊழியர் மண்புழு வைத்து அழைத்தபோது அசல் ஹோக்கோத்தோக்கோவைப் பத்தடி தூரத்தில் பார்த்தேன். புழு வைத்துப் பார்த்தது, பார்த்த பறவைகளின் கணக்கில் சேராது என்று சிலர் இங்கே வருவார்கள். சேராவிட்டால் போகட்டும், அவர்கள் கணக்கை நான் கேட்கவில்லை. என் மைத்துனர் ஒருவர் இருக்கிறார், எந்தக் கல்யாணப் பந்தியிலும் "குருவி பார்க்கவா அவ்வளவு செலவு?" என்று இலை போடும்போதே ஆரம்பித்துவிடுவார். அவர் வாங்கிய இரண்டாவது காரைப் பற்றி நான் ஒரு நாளாவது வாய் திறந்திருக்கிறேனா?

உங்கள் படத்தில் மூங்கில் இருக்கிறது. செம்பிடரிக்கு மூங்கில் மிகப் பிடிக்கும் என்றாலும் இரண்டும் அதே காட்டில்தான் திரிகின்றன, ஆகவே அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குரல் கேட்டதா? கைப்பேசியில் பத்து விநாடி பதிவாகியிருந்தாலும் போதும், அதைப் போடுங்கள்.