கைபேசியில் பொருந்திய உடை கையில் ஏறாதது ஏன்?

கேள்வி: தம்பி திருமணத்துக்காக, வாட்ஸ்அப் குழுவில் துணி விற்கும் ஒருவரிடம் அனார்கலி வாங்கினேன். என் முழு உருவப் படத்தைக் கேட்டு வாங்கி, அந்த உடையை நானே உடுத்தியிருப்பதுபோல் ஒரு படம் அனுப்பினார். அவ்வளவு அழகாக இருந்ததால் 2,350 ரூபாய் கட்டிவிட்டேன். வந்த உடை மேல்கையில் ஏறவில்லை. கேட்டால், "படத்தில் பொருந்துகிறதே, நீங்கள்தான் பெருத்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது" என்கிறார். கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. என் உடம்பில்தான் கோளாறா? இதுவரை எதுவும் நடக்கவில்லை, ஆனால் நான் அனுப்பிய படத்தால் ஏதாவது பிரச்சினை வருமா?
(34 வயது வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அசல் படத்தில் உங்கள் வலது முழங்கைக்குக் கீழே அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு ஒன்று தெரிகிறது; உடை மாட்டிய படத்தில் அது இல்லை. அசலில் ஆறு கண்ணாடி வளையல்கள், உடை மாட்டியதில் நான்கு. அந்தக் கை உங்களுடையது அல்ல என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. (பார்த்தபின் இரண்டையும் அழித்துவிட்டேன். எனக்கும்கூட நீங்கள் படம் அனுப்பியிருக்கக் கூடாது.)

இப்படி உடை மாட்டிக் காட்டும் செயலிகள் செய்வது அளவெடுப்பது அல்ல, படம் வரைவது. உங்கள் படத்தில் தோள், முழங்கை, இடுப்பு எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு, நீங்கள் உடுத்தியிருந்ததை அழித்துவிட்டு, விற்பனைப் படத்திலுள்ள உடையை வளைத்து அந்த இடத்தில் பொருத்தி, அழிபட்ட கையையும் கழுத்தையும் தன் யூகத்தில் மறுபடி வரைகின்றன. அந்த யூகம், பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்ட எண்ணற்ற விளம்பரப் படங்களிலிருந்து வருவது. விளம்பரப் படத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் மாடல் அழகிகள். துணி எவ்வளவு இழுபடும், கைக்குழியை எத்தனை அங்குலத்துக்கு வெட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் படத்துக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் 'எஸ்' அளவையும் 'டபுள் எக்ஸ்எல்' அளவையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். விளம்பரத்துக்காக மாடல்களின் உடல்வாகைத் திருத்திய படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்று எழுத வேண்டுமென்று பிரான்ஸ் நாடு 2017-லேயே விதி செய்தது. இங்கே அதே வேலையை உங்கள் படத்தில் உங்களுக்கே செய்துகாட்டி, அதைத் 'துல்லியம்' என்று விற்கிறார்கள்.

இனி உங்கள் மேல்கைக்கு வருகிறேன். 22 ஆண்டுகள் ஆயத்த ஆடை வெட்டுப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கோளாறு உடையில் இருக்கிறது. ஒரு நடுத்தர அளவுக்குத்தான் முதலில் மாதிரி அட்டை வெட்டுவார்கள். மற்ற அளவுகளை அதிலிருந்து கூட்டியும் குறைத்தும் எடுப்பார்கள். மார்புச் சுற்றளவை இரண்டு அங்குலம் கூட்டும்போது கைச் சுற்றளவை அரை அங்குலம் கூட்டுவதே வழக்கம், ஏனென்றால் கையில் மிச்சம் பிடித்தால் மொத்த உருப்படியில் எத்தனையோ மீட்டர் துணி மிஞ்சும். தண்ணீர்க் குடமும் மாங்கூடையும் தூக்கிய கைக்கு அந்த அரை அங்குலம் போதாது. நம் நாட்டு உடல்வாகுக்கென்று அளவுப் பட்டியல் வேண்டும் என்பதற்காகவே, 'இந்தியா சைஸ்' என்ற பெயரில், தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட் ஆறு நகரங்களில் 25,000-க்கும் மேற்பட்டவர்களை முப்பரிமாணக் கருவியால் அளக்கும் திட்டத்தை எடுத்தது. அந்த அளவு, பர்கூர் துணிக்கடைகளில் தொங்கும் ஒரு சுடிதாரின் கழுத்துப்பட்டிக்கு வந்து சேர்ந்ததை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அதுவரை, சீட்டில் உள்ள எண்ணுக்கு நீங்கள் பொறுப்பாளி அல்ல.

அப்படியானால் இந்தப் படங்களால் பயனே இல்லையா என்றால், சேலைக்கு மட்டும் உண்டு. சேலைக்கு அளவுப் பிரச்சினை கிடையாது. நிறம் உங்கள் முகத்துக்கு எடுக்கிறதா, கரை அகலமா குறுகலா, கட்டம் பெரிதா சிறிதா என்பதை ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். 'ஓரளவு' என்று சொல்வதற்குக் காரணம், பட்டு விறைத்து நிற்கும், ஷிஃபான் வழிந்து விழும், கஞ்சி போட்ட பருத்தி உப்பிக்கொள்ளும், இந்த வேறுபாடு படத்தில் வராது. மூன்றும் ஒரே மாதிரி மடிந்திருக்கும். நிறமும் கைபேசித் திரையின் வெளிச்சத்துக்கேற்ப மாறும், ஆகவே அரக்கு நிறம் என்று நினைத்து வாங்கியது வீட்டில் செங்கல் நிறமாகத் தெரிந்தால் வியக்க வேண்டாம். சேலையோடு வரும் ரவிக்கையைப் படத்தில் பார்த்து முடிவு செய்யவே கூடாது. அங்கே மறுபடி கைச் சுற்றளவு வந்துவிடுகிறது. சேலை தவிர வேறு எதற்கும் இந்தப் படத்தை நம்பாதீர்கள்.

படத்தைவிட எனக்குக் கவலை தருவது, படம் கேட்டவர். இந்த மாதிரி குழு நடத்துபவர்களில் பலரிடம் கடையும் கிடையாது, சரக்கும் கிடையாது. எங்கோ உள்ள மொத்த வியாபாரியின் படங்களை இறக்கிப் போட்டு, நடுவில் முந்நூறு நானூறு வைத்து விற்கிறார்கள். பில் கேட்டால் குழுவிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். இனி அவர் "உடம்பை ஒட்டிய உடையில் ஒரு படம் அனுப்பினால் சரியான அளவு சொல்கிறேன்" என்பார்; அனுப்பாதீர்கள், இஞ்சி டேப் சொல்லாத அளவை எந்தப் படமும் சொல்லாது. "இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று இணைப்பு அனுப்புவார், தொடாதீர்கள். "பணத்தைத் திருப்பித் தருகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்" என்பார். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, ரகசிய எண்ணும் தேவையில்லை. பணம் போவதற்குத்தான் அவை வேண்டும்.

அவரிடம் இருக்கும் உங்கள் படத்தை அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அந்தச் செய்தியையும் அவர் பதிலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் சட்டம் போட்டார்கள். அதற்கு விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அங்கிருந்து இன்னும் 18 மாதம் அவகாசம் கொடுத்தார்கள். படம் பரவ ஒரு நொடி, சட்டத்துக்கு நான்கு வருடம். ஆனால் யாராவது உங்கள் படத்தை ஆபாசமாக மாற்றினாலோ, மாற்றுவதாக மிரட்டினாலோ அந்தச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள், மிரட்டியவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். இதுவரை அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரண சேலை கட்டிய படம்தான் என்பதால் இரவெல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை.

கட்டிய பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. "எனக்குப் பொருந்தவில்லை" என்று மட்டும் சொன்னால் புகார் நிற்காது. அந்த உடையைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை டேப் வைத்து அளந்து இரண்டால் பெருக்குங்கள். கையின் அகலத்தையும் அப்படியே எடுங்கள். அவர் அனுப்பிய அளவுப் பட்டியலில் 40 என்றிருந்து டேப்பில் 37 வந்தால், அது சொன்னபடி இல்லாத சரக்கு. இணையவழி வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. டேப் உடைமேல் இருக்கும்படி படம் எடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அங்கே தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்றவர் எந்த ஊர்க்காரர் என்பது பொருட்டல்ல, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. "பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா" என்று அவர் கேட்டால் அசர வேண்டாம். அவருக்குச் சாதகமாக அவரே எழுதிக்கொண்ட நிபந்தனை அது.

புகார் ஒரு முடிவுக்கு வரும்வரை உடையில் கத்தரி வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் திருப்பும் பேச்சே போய்விடும். பணம் வராது என்று தெரிந்தபின், அந்த உடையோடு வந்த துப்பட்டாவின் ஓரத்திலிருந்து நான்கு அங்குலச் சதுரமாக இரண்டு துண்டுகளை வெட்டச் சொல்லி, மெல்லிய துணியானால் அடியில் லைனிங் கொடுத்து, இரண்டு அக்குளிலும் தையலைப் பிரித்து முனை மேலும் கீழுமாக வரும்படி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். உங்கள் தெருத் தையல்காரருக்கு அரை மணி நேர வேலை. கை தூக்கினாலும் பிடிக்காது. கையைக் கீழே விட்டால் ஒட்டுப் போட்டது தெரியாது.