சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு இசாப் வாங்கலாமா?

கேள்வி: இப்போது ஆண்டுக்கு 22 லட்சம் வாங்குகிறேன். பெங்களூருவில் ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனம் 18 லட்சம் சம்பளமும் '20 லட்சம் மதிப்புள்ள இசாப்'பும் (ESOP, ஊழியர்களுக்கான பங்குத் திட்டம்) தருவதாகச் சொல்கிறது. ஏற்கலாமா?

பதில்:

அந்த 20 லட்சத்தைச் சிறிது நேரம் மறந்துவிடுங்கள். எத்தனை ஆப்ஷன் (பங்கை வாங்கும் உரிமை), ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கட்ட வேண்டிய விலை என்ன, வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும் என்ற மூன்றும் தெரியும்வரை அந்தத் தொகைக்குப் பொருளே கிடையாது. மூன்றாவதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவர்.

இசாப் என்றால் பங்கு என்றே பலரும் எண்ணிக்கொள்கிறோம். கடிதத்தில் நமக்குத் தரப்படுவது, பின்னொரு நாளில் இன்ன விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமைதான். அந்த உரிமை கைக்கு வருவதற்கு வெஸ்டிங் என்று பெயர். கம்பெனிச் சட்ட விதிகளின்படி, ஆப்ஷன் கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழிந்தால்தான் முதல் பகுதியே வெஸ்ட் ஆக முடியும். 11ஆம் மாதத்தில் விலகினால் வெறுங்கைதான். மீதி, பெரும்பாலான நிறுவனங்களில், 4 ஆண்டுகளில் பகுதி பகுதியாக வரும். வெஸ்ட் ஆனதைப் பணம் கட்டிப் பங்காக மாற்றுவது எக்ஸர்சைஸ். ஆக, ஆண்டுக்கு 4 லட்சம் வீதம் 4 ஆண்டுகளில் 16 லட்சம் ரொக்கத்தை விட்டுக்கொடுத்துத்தான் அந்த 20 லட்சத்துக்கு நீங்கள் காத்திருக்கப் போகிறீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். 2018இல் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். 4,000 ஆப்ஷன், எக்ஸர்சைஸ் விலை 10 ரூபாய். 2021 நவம்பரில் விலகியபோது 3,000 வெஸ்ட் ஆகியிருந்தன. சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அதற்கு இரண்டு மாதம் முன்புதான், செப்டம்பர் 22 அன்று, அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலாகியிருந்தது. அதன் ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்ற செய்தி வந்த வாரம் எங்கள் உணவுக்கூடத்தில் வேறு பேச்சே இல்லை. 36 டாலருக்கு வெளியிடப்பட்ட அந்தப் பங்கு அடுத்த ஆண்டே 20 டாலருக்குக் கீழே இறங்கியது. அதைப் பற்றி அப்படி யாரும் கூடிப் பேசவில்லை.

கடைசி வேலை நாளில் மனிதவளப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 90 நாளுக்குள் எக்ஸர்சைஸ் செய்யாவிட்டால் 3,000 ஆப்ஷனும் காலாவதியாகிவிடும். இணைத்திருந்த கணக்குத் தாளின் முதல் வரியில் 3,000 பங்குக்கு 30,000 ரூபாய். அதைக் கையிலேயே வைத்திருந்தேன். இரண்டாவது வரியில் வருமான வரி 7,39,440 ரூபாய். தவறாக அச்சாகியிருக்கும் என்று நினைத்துத் தொலைபேசியில் கேட்டேன். கணக்கு சரிதான் என்றார்கள்.

அன்றிரவு மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் நானே போட்டுப் பார்த்தேன். மெர்ச்சன்ட் பேங்கர் (பங்கை மதிப்பிட அங்கீகாரம் பெற்ற நிதி நிறுவனம்) நிர்ணயித்த பங்கின் மதிப்பு 800 ரூபாய். நான் கட்டுவது 10. இடையிலுள்ள 790 ரூபாயைச் சம்பளத்தோடு சேர்ந்த சலுகை வருமானமாகச் சட்டம் கொள்கிறது. 3,000 பங்குக்கு 23,70,000. அதற்கு 30 சதவீத வரி, வரியின் மேல் 4 சதவீத செஸ். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலாகவில்லை. வரியைக் கட்டுவதற்காக ஒரே ஒரு பங்கை விற்கலாம் என்றால்கூட வாங்க ஆள் கிடையாது.

அம்மாவின் வளையல்களையும் என் சங்கிலியையும் வங்கியில் வைத்து 4 லட்சம் வாங்கினேன். மீதி என் சேமிப்பு. வங்கி ஊழியர் வளையல்களைத் தராசில் வைத்தபோது அம்மா எதுவும் கேட்கவில்லை. "பங்கு வந்ததும் மீட்டுக்கொள்ளலாம்" என்று நானாகவே இரண்டு முறை சொன்னேன்.

2024இன் நடுவில் புதிய முதலீட்டாளர் ஒருவர் பழைய ஊழியர்களின் பங்குகளை வாங்கினார். விலை 350. என் கைக்கு வந்தது 10,50,000. நகைக்கடன் வட்டியெல்லாம் போக இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சியது. இதில் இன்றுவரை என் மனம் ஆறாத ஓர் இடம் உண்டு. 23.7 லட்சம் வருமானம் என்று வரி கட்டிவிட்டேன், வந்ததோ அதில் பாதிகூட இல்லை. 800க்கும் 350க்கும் இடையிலான வித்தியாசம், 3,000 பங்குக்கு 13.5 லட்சம், நீண்டகால மூலதன நட்டம். அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, நீண்டகால மூலதன ஆதாயம் ஏதாவது வந்தால் அதில் மட்டும் கழிக்கலாம். உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் 8 ஆண்டுகள் எடுத்துச் செல்லலாம். எடுத்துச் சென்றுகொண்டிருக்கிறேன்.

"ஸ்டார்ட்அப் ஊழியர்கள் வரியை ஒத்திப்போடலாமே" என்று உங்களிடம் சொல்வார்கள். 2020 பட்ஜெட்டில் அப்படி ஒரு சலுகை வந்தது உண்மை. வருமான வரி விலக்குக்கான அரசுச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களின் ஊழியர்களுக்கு மட்டும்தான் அது. ஸ்டார்ட்அப் என்று சொல்லிக்கொள்கிற எல்லாருக்கும் அந்தச் சான்று கிடையாது. தவிர, வேலையை விட்டாலே சலுகை முடிந்துவிடும், வரி உடனே வந்து நிற்கும். விலகும்போதுதான் பெரும்பாலோருக்கு இந்தச் சிக்கல் வருகிறது என்பதால், என் நிலையில் அது உதவியிருக்காது.

ஆகவே அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். வாய்வழிப் பதில் வேண்டாம். மேலே சொன்ன மூன்றோடு, எல்லா ஆப்ஷன்களையும் சேர்த்து மொத்தம் எத்தனை பங்குகள் என்றும் கேளுங்கள். 5,000 ஆப்ஷன் என்பது ஒரு கோடிப் பங்கில் 0.05 சதவீதம், பத்துக் கோடியில் 0.005 சதவீதம். 20 லட்சம் என்பதில் நீங்கள் கட்ட வேண்டிய விலையைக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள், பல கடிதங்களில் கழித்திருக்க மாட்டார்கள். நிறுவனத்தை விற்றால் முதலீட்டாளர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறதா என்பதும் முக்கியம். 300 கோடி திரட்டிய நிறுவனம் 320 கோடிக்கு விலைபோய், அந்த உரிமையும் இருந்தால், மற்ற எல்லாருக்கும் சேர்த்து மிஞ்சுவது 20 கோடிதான்.

தாய் நிறுவனம் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ பதிவானது என்றால், பங்கு கைக்கு வந்தபின் ஆண்டுதோறும் வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். மறந்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரக்கூடும்.

என்னைக் கேட்டால், 18 லட்சத்தில் வீட்டுச் செலவும் கடன் தவணையும் நெருக்கடியில்லாமல் ஓடுமானால், வேலையும் பிடித்திருக்குமானால், போங்கள். இசாப் பூஜ்யமானாலும் வருந்த மாட்டேன் என்று இன்றே சொல்ல முடிந்தால் போங்கள். ஆனால் 90 நாளை மட்டும் ஏற்காதீர்கள். இப்போதைய நிறுவனத்தில் சேரும்போது நான் கேட்ட ஒரே மாற்றம் அதுதான். இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு, விலகிய பின் 5 ஆண்டுகள் வரை எக்ஸர்சைஸ் செய்யலாம் என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.