வண்டி என்னுடையது இல்லை, சலான் மட்டும் என் பெயரில்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். என்னிடம் சாம்பல் நிற ஸ்கூட்டர் இருக்கிறது. கடந்த மே மாதக் கடைசியில் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. மார்ச் 11 அன்று சென்னையில் ஹெல்மெட் போடாமல் ஓட்டினேன், 1,000 ரூபாய் அபராதம் என்று. அன்றைக்கு நானும் வண்டியும் கும்பகோணத்தில்தான் இருந்தோம். சலானைத் திறந்து பார்த்தால் கறுப்பு மோட்டார் சைக்கிளில் ஒரு ஆண் போகிறார்! இது போதாதென்று, ஜூன் மாதம் திருச்சியில் சிவப்பு விளக்கில் நின்றபோது கையில் போன் வைத்திருந்தேன் என்று ஒரு எஸ்.ஐ. இன்னொரு சலான் போட்டார். அதுவும் 1,000 ரூபாய். நான் யாரிடமும் பேசவில்லை, மேப் பார்த்து வழி தேடினேன். இரண்டையும் இன்னும் கட்டவில்லை. "ரெண்டாயிரம்தானே, கட்டித் தொலை" என்கிறார் அப்பா. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகுமா? கோர்ட்டுக்குப் போனால் சென்னைக்கு அலைய வேண்டுமா? குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன், வேலைக்குப் பாதிப்பு வருமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. இரண்டில் ஒன்றைக் கட்டிவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அது சென்னைச் சலான் இல்லை.

முதலில் ஒரு விஷயம். சலான் என்பது தீர்ப்பு இல்லை. அபராதம் விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. நாம் 'ஸ்பாட் ஃபைன்' என்று சொல்வது, மோட்டார் வாகனச் சட்டம் 200-ஆவது பிரிவின்படி கட்டும் சமரசத் தொகை. "இந்தத் தொகையைக் கட்டினால் வழக்கு கோர்ட்டுக்குப் போகாது" என்று அரசு உங்களிடம் கேட்கிறது, அவ்வளவுதான். ஏற்கலாம், மறுக்கலாம். தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் இந்தத் தொகைகளை உயர்த்தியபோதுதான் ஹெல்மெட்டுக்கு 100 ரூபாய் கட்டிய காலம் போய் 1,000 ஆனது. எல்லாக் குற்றத்துக்கும் இந்த வழி கிடையாது. குடித்துவிட்டு ஓட்டினால் 185-ஆவது பிரிவு, நேரே கோர்ட்டுதான். உங்கள் இரண்டு சலானும் சமரசம் செய்யக்கூடியவை. அதனால்தான் உங்களுக்குக் கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்க இடம் இருக்கிறது.

கட்டினால் அது நீதிமன்றத் தண்டனை ஆகாது. ஆனால் "அந்த வண்டி என்னுடையது இல்லை" என்று பிறகு சொல்ல வாயும் இருக்காது. அதனால் சென்னைச் சலானுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

சரி, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நம்பர் பிளேட்டில் இருப்பது உண்மையிலேயே உங்கள் எண்தானா? 8 என்பது 'பி' ஆகவும், 3 என்பது 8 ஆகவும் தவறாகப் படிக்கப்படுவது சகஜம். கேமராவும் தப்பாகப் படிக்கும், அவசரத்தில் தட்டச்சு செய்பவரும் தப்பாகப் படிப்பார். எண் வேறாக இருந்தால் வேலை சுலபம். இ-சலான் இணையதளத்திலேயே புகார் பதியும் பகுதி இருக்கிறது. உங்கள் ஆர்.சி. நகல், உங்கள் ஸ்கூட்டரின் படம், சலானில் உள்ள படம் மூன்றையும் சேர்த்து அங்கே பதிவு செய்யுங்கள். சலான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவுக்கும் பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போகாமலே முடிந்துவிடும்.

எண் அச்சு அசல் உங்களுடையதாகவே இருந்தால்தான் எனக்குக் கவலை. யாரோ உங்கள் எண்ணைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறார் என்று அர்த்தம். இன்றைக்கு ஹெல்மெட், நாளைக்கு அதே வண்டி யாரையாவது இடித்துவிட்டுப் போனால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. ஆகவே 1,000 ரூபாயை மறந்துவிட்டு, முதல் வேலையாகக் கும்பகோணத்தில் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பதிவு செய்ததற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். "சென்னையில் நடந்தது, அங்கே போங்க" என்று சொல்லக்கூடும். உங்கள் எண்ணை இன்னொருவர் பயன்படுத்துகிறார் என்பதுதான் புகார், அதை எந்த நிலையத்திலும் வாங்க வேண்டும் என்று பணிவாக, ஆனால் நகராமல் சொல்லுங்கள். அந்த ரசீதில் உள்ள தேதி நாளைக்கு உங்களுக்கு மிகவும் உதவும். மார்ச் 11-ஆம் தேதி அலுவலக வருகைப் பதிவேட்டின் நகலையும் இப்போதே வாங்கிவிடுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் கிடைக்காது.

(இதையெல்லாம் செய்யும் முன், வந்த செய்தி உண்மையானதுதானா என்று பாருங்கள். போலிச் சலான் செய்தி அனுப்பி, ஒரு செயலியைப் பதிவிறக்க வைத்துப் பணத்தைச் சுருட்டும் கும்பல்கள் உண்டு. செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனுக்கு நீங்களாகவே போய் வண்டி எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். நீங்கள் சலான் படத்தையே பார்த்திருப்பதால் உங்கள் விஷயத்தில் அது உண்மையானது என்றே எடுத்துக்கொள்கிறேன்.)

மனு எடுபடாமல் வழக்கு கோர்ட்டுக்குப் போனால்? தமிழ்நாட்டில் இ-சலான் வழக்குகளுக்கு மெய்நிகர் நீதிமன்றம், அதாவது இணையவழிக் கோர்ட், இருக்கிறது. அங்கிருந்து செய்தி வரும். அந்தத் தளத்தில் பணம் கட்டுகிறேன், வழக்கை எதிர்த்து நடத்துகிறேன் என்று இரண்டு வழிகள் காட்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு சம்பவ இடத்துக்கு உரிய நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். உங்கள் வழக்கில் அது சென்னை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை. வக்காலத்து போட்டு, நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு மனு செய்யலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 228-ஆவது பிரிவு நடுவருக்கு அந்த அதிகாரம் தருகிறது. வக்கீல் ஃபீஸ் 1,000 ரூபாயைத் தாண்டிவிடுமே என்றால், உண்மைதான், தாண்டும். ஆனால் 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். இதைச் சொல்வதால் என் தொழிலுக்கு நஷ்டம், பரவாயில்லை.

கோர்ட்டில் நடுவர் கேட்கும் முதல் கேள்வி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்பது. பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வராந்தாவில் என்னிடம் "சார், அது என் வண்டியே இல்ல" என்று கால் மணி நேரம் பேசிய பெரியவர் ஒருவர், உள்ளே போனதும் "ஆமாங்கய்யா" என்றார். ஏன் என்று கேட்டால், "வரிசை நீளமா இருந்துச்சு" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்தப் படமும் உதவாது. இல்லை என்று சொன்னால், நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

அங்கே உங்கள் வக்கீல் கையில் எடுக்க வேண்டியவை சில. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167-ஏ விதியின்படி, கேமரா வழியாகப் பிடிபட்ட குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. படம் எடுத்த கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். காவலர் தன் கைப்பேசியில் எடுத்த படம் என்றால் அதற்கு இப்படிச் சான்று உண்டா என்று கேட்கலாம். மின்னணுப் படத்தைச் சாட்சியமாக வைக்கத் தனியாக ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி என்று இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு. அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் காலவரம்பு. ஹெல்மெட் குற்றத்துக்கான 194-டி பிரிவில் சிறைத் தண்டனை கிடையாது. அபராதம் மட்டுமே உள்ள குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும். மார்ச் 11-லிருந்து எண்ணிப் பாருங்கள்.

இவற்றை மந்திரம் போல நம்பிவிட வேண்டாம். 15 நாள் தாண்டினால் சலான் தானாகச் செத்துவிடும் என்று விதியில் எழுதவில்லை. தக்க காரணம் இருந்தால் ஆறு மாதக் கெடுவையும் நீதிமன்றம் தளர்த்தலாம். உங்களிடம் இருக்கும் பலமான வாதம் ஒன்றே ஒன்றுதான்: சாம்பல் ஸ்கூட்டர் கறுப்பு பைக் ஆகாது. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

தோற்றாலும் 194-டி பிரிவில் அபராதம் அதே 1,000 ரூபாய்தான், கூடாது. ஆனால் லைசென்ஸை மூன்று மாதம் தகுதிநீக்கம் செய்யவும் அதே பிரிவு சொல்கிறது என்பதை மறக்க வேண்டாம். கண்டுகொள்ளாமல் விடுவது மட்டும் கூடாது. நாளைக்கு வண்டியை விற்றுப் பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும்போது இந்த நிலுவை குறுக்கே நிற்கும்.

இனி திருச்சி. சட்டப்படி உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. 2020 அக்டோபர் முதல், கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று விதி திருத்தப்பட்டிருக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்பது 'ஓட்டுவது' ஆகுமா என்றும் வாதாடலாம். ஆனால் என்னிடம் கேட்டால், கட்டிவிடுங்கள். காரணம், அங்கே கேமரா இல்லை. உங்கள் வார்த்தைக்கு எதிராக எஸ்.ஐ.யின் வார்த்தை. திரையில் மேப்தான் இருந்தது என்பதற்கு உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. அதோடு போன் குற்றம் வருவது 184-ஆவது பிரிவில், அபாயகரமாக ஓட்டுதல் என்ற தலைப்பின் கீழ். சமரசத் தொகை 1,000 ரூபாய். கோர்ட்டில் குற்றம் நிரூபணமானால் அபராதம் 5,000 வரை போகலாம், ஏட்டில் சிறைத் தண்டனையும் இருக்கிறது. ஆறு மாதக் கெடுவும் இதற்குப் பொருந்தாது, ஒரு வருடம். கையில் ஆதாரம் இல்லாதபோது கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கோர்ட் படி ஏறுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வேலை பற்றி. சமரசத் தொகை கட்டினால் அந்தக் குற்றத்துக்காக மேற்கொண்டு வழக்கு நடத்த முடியாது, தண்டனை என்ற பதிவும் இல்லை. சென்னை வழக்கு நடந்து விடுதலையானாலும் அப்படியே. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் நிலுவையில் உள்ள வழக்கு பற்றிக் கேட்டு, அப்போது சென்னை வழக்கு கோர்ட்டில் இருந்தால், மறைக்காமல் எழுதுங்கள். அற்ப வழக்கு ஒன்றும் செய்யாது, அதை மறைத்ததுதான் பலருக்கு வேலையைப் பறித்திருக்கிறது. 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது.

ஒன்று நீங்கள் எழுதவில்லை. திருச்சியில் அந்த எஸ்.ஐ. உங்கள் லைசென்ஸை வாங்கினாரா? 206-ஆவது பிரிவின் 4-ஆம் உட்பிரிவின்படி, 184 குற்றத்துக்கு லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். பணம் கட்டியதால் அந்த நடவடிக்கை நிற்காது. வாங்கியிருந்தால் அவர் கொடுத்த ரசீதைத் தேடி எடுங்கள். ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்தால், மேப் விஷயத்தை எழுத்தில் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நோட்டீஸில் போட்டிருக்கும் தேதிக்குள் பதில் கொடுத்துவிடுங்கள்.