இரண்டாவது கம்பனியும் தள்ளாடினால் மகனை ஊருக்குக் கூப்பிடலாமா?

அன்புள்ள ஐயா,

ஒலுவிலில் பொறியியல் முடித்த மகன் கொழும்பில் சேர்ந்த முதல் வீடியோ கம்பனி பூட்டப்பட்டுவிட்டது, இரண்டாவதிலும் சம்பளம் பிந்துகிறது, பேசாமல் காரைதீவுக்கே கூப்பிட்டு அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கூப்பிட வேண்டாம். ஆனால் சம்பள விடயத்தை இப்படியே விட்டுவிடவும் வேண்டாம்.

"ராசியில்லாத கம்பனியாகப் பார்த்துச் சேர்கிறான்" என்று எழுதியிருந்தீர்கள். ராசியில் ஒன்றுமில்லை, ஐயா. தொழிலே செலவு பிடித்தது. மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை நேரலையில் காட்டுவதாக வையுங்கள். ரொறன்ரோவில் பெரிய ரீவியில் பார்ப்பவருக்கு ஒரு தரம், வாகரையில் சிக்னல் குறைந்த போனில் பார்ப்பவருக்கு இன்னொரு தரம் என்று ஒரே காட்சியை நாலைந்து அளவுகளில் சுடச்சுட மாற்ற வேண்டும். அதற்குக் கணினி வாடகை. பிறகு பார்க்கும் ஒவ்வொருவருக்கும் போகிற டேட்டாவுக்குத் தனிக் கட்டணம். கடையில் சனம் கூடினால் கல்லா நிறையும். இங்கே சனம் கூடினால் முதலில் கூடுவது பில்தான். விளம்பரமும் சந்தாவும் வந்து சேருவதற்குள் கைக்காசு தீர்ந்துவிடும்.

பெரிய முதலீடு இருந்தாலும் இதே கதிதான். அமெரிக்காவில் குயிபி என்ற குறுவீடியோ சேவை 175 கோடி டொலர் திரட்டி 2020 ஏப்ரலில் தொடங்கியது. அந்த டிசெம்பரிலேயே மூடிவிட்டார்கள். ஜஸ்டின்.டிவி என்ற நேரலைத் தளம் 2014 ஓகஸ்டில் நின்றது, ஆனால் அதிலிருந்து பிறந்த, வீடியோ விளையாட்டுகளை நேரலையில் காட்டும் ட்விட்சை அதே மாதம் 97 கோடி டொலருக்கு வாங்குவதாக அமேசான் அறிவித்தது. எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்2. வீடியோவைச் சுருக்கும் நுட்பம் செய்த சின்னக் கம்பனி, பெரிய லாபம் பார்க்கவில்லை. 2010இல் கூகிள் அதை வாங்கி, அவர்களுடைய விபி8 நுட்பத்தை எல்லோரும் இலவசமாகப் பாவிக்க விட்டது. அதன் வழியில்தான் விபி9, ஏவி1 என்ற பிந்திய சுருக்க நுட்பங்கள் எல்லாம் வந்தன. கம்பனியின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை, வேலை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே மகனிடம் கம்பனி நிலைக்குமா என்று கேட்காதீர்கள், அது அவருக்கும் தெரியாது. அங்கே என்ன செய்கிறார் என்று கேளுங்கள். எஃப்எஃப்எம்பெக் (வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்), எச்எல்எஸ் (வீடியோவைத் துண்டு துண்டாக அனுப்பும் முறை), நேரலை பிந்துவதைக் குறைத்தது, டேட்டாச் செலவை இறக்கியது என்று பதில் வந்தால் பயமில்லை. எந்த வீடியோ கம்பனிக்கும் அந்த அறிவு தேவை. அந்தக் கம்பனிக்கு மட்டுமே உதவும் திரைகளில் பொத்தான்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தால், சம்பளம் ஒழுங்காக வந்தாலும் அவர் வெளியேறத்தான் வேண்டும்.

சரி, காசு விடயம். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், கம்பனி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதுவும் கம்பனியின் கையிலிருந்து. தள்ளாடும் இடங்களில் கைவைக்க வசதியான பணம் இது. சம்பளச் சீட்டில் பிடித்ததாக இருக்கும், கணக்கில் விழுந்திருக்காது. மகன் தன் மீதியைப் பார்க்கட்டும். சேமலாப நிதியைக் கட்டவில்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். அது முதலாளியோடு சண்டைக்குப் போவதல்ல.

"சம்பளத்துக்குப் பதிலாகப் பங்கு தருகிறோம்" என்றால் மறுக்கச் சொல்லுங்கள். கம்பனி மூடினால் கடன்காரரெல்லாம் எடுத்த பிறகுதான் பங்குக்காரர் முறை, அப்போது மிச்சம் இருப்பது அபூர்வம். ஒரு மாதச் சம்பளம் முழுதாக நின்றால் அதுதான் எல்லை. வேலை தேடுவதை அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை, இன்றே தொடங்கலாம்.

நேர்முகத்தில் ஏன் விலகினாய் என்பார்கள். பணம் தீர்ந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, தான் கட்டியதைப் பற்றிப் பேசட்டும். பழைய முதலாளியைத் திட்டினால் எதிரே இருப்பவர் பேனையை மூடிவிடுவார்.

அரசாங்க வேலைக்கு நான் எதிரியல்ல. தகவல் தொழினுட்ப சேவைக்கு வர்த்தமானி அறிவித்தல் வந்தால் வேலையில் இருந்துகொண்டே பரீட்சை எழுதலாம். ஆனால் பட்டதாரி நியமனத்தை எதிர்பார்த்து வீட்டில் சும்மா இருப்பது, அதுவும் கற்றது சூடாக இருக்கும் இந்த வயதில், எனக்குச் சம்மதமில்லை. கலியாணப் பேச்சில் "கம்பனி பூட்டியாச்சாமே" என்பார்கள் என்ற உங்கள் கவலை விளங்குகிறது. அதற்காக ஒரு பிள்ளையின் தொழிலைத் திருப்ப முடியாது.

இந்தக் கிழமையே ஒன்று செய்யச் சொல்லுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்கட்டும், கம்பனியின் நிரல்களை மட்டும் தொடக்கூடாது. சேவைச் சான்றிதழும் இப்போதே கேட்கலாம். பூட்டிய பிறகு கையெழுத்துப் போட அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.