நேரடி போக்கர் கேஷ் கேமில் எதிராளியைப் படிப்பது: கேள்வி பதில்

வந்த கேள்விகள் எல்லாமே நோ-லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம் பற்றியவை: ஆளுக்கு இரண்டு மறைவான சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லை. ‘கை’ என்றால் ஒரு சுற்று ஆட்டம், அல்லது ஒருவரிடம் உள்ள சீட்டு. தொகைகளை பிக் பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் சீட்டு வருமுன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) கணக்கில், சுருக்கமாக பி.பி. என்று சொல்கிறேன். மேசை எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

கேள்வி: புது மேசையில் உட்கார்ந்ததும் எதைக் கவனிக்க வேண்டும்? எல்லாரையும் பார்க்கப் போய் ஒருத்தரும் மனசில் நிற்பதில்லை.

பதில்: நீங்கள் ஃபோல்ட் செய்த (சீட்டை வைத்துவிட்டு விலகிய) கைகளில்தான் இந்த வேலை நடக்கிறது. முதலில் உங்களுக்கு இடப்பக்கம் இருவர், வலப்பக்கம் இருவர், மேசையிலேயே அதிக சிப்ஸ் (பணத்துக்குப் பதிலான வில்லைகள்) வைத்திருப்பவர். இவர்கள் போதும்.

சீட்டு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்தக் கையைப் பின்னாலிருந்து ஓட்டிப் பாருங்கள். ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) எவ்வளவு போட்டார், டர்னில் (நாலாவது) என்ன செய்தார், ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டு) முன் லிம்ப்பா (பிக் பிளைண்ட் அளவு மட்டும் போட்டு நுழைவது) ரெய்ஸா (தொகையை ஏற்றுவது), எந்த இடத்திலிருந்து, அதாவது எத்தனையாவது ஆளாக? முதல் ஆளாக லிம்ப் செய்து, பின்னால் வந்த ரெய்ஸையும் கால் செய்தவர் (அதே அளவு போட்டுத் தொடர்ந்தவர்) கடைசியில் ராஜா-7 காட்டுகிறார் என்றால், அவர் இடத்தைப் பார்ப்பதில்லை, ரெய்ஸுக்குப் பயப்படுவதில்லை, சுமாரான ராஜாவை விடவும் மாட்டார். ஒரே கையில் மூன்று செய்தி.

அவசர முடிவு மட்டும் வேண்டாம். நேரடி மேசையில் மணிக்கு 25 முதல் 30 கைகள்தான் ஓடும். 25 கைகளில் 10 ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை எதுவும், ஏஸ்-ராஜாவும் ஒருமுறைகூட வராமல் போக ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஒரு மணி நேரம் சும்மா இருந்தவரை ‘இறுக்கமான ஆள்’ என்று முத்திரை குத்த முடியாது. அதே 25 கைகளில் 15 கை ஆடியவரைப் பற்றி முடிவுக்கு வரலாம். அத்தனை நல்ல சீட்டு யாருக்கும் வராது.

கேள்வி: எங்கள் மேசையில் ஒருவர் எதற்கும் ஃபோல்ட் பண்ணுவதே இல்லை. அவரிடம் பிளஃப் (பலமில்லாத சீட்டோடு பணம் போட்டு மிரட்டுவது) போட்டே என் சிப்ஸ் கரைகிறது. எவ்வளவு பெரிதாகப் போட்டால் விடுவார்?

பதில்: எவ்வளவு போட்டாலும் விடமாட்டார், அண்ணே. பாட்டில் (நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத் தொகையில்) 30 பி.பி. இருக்கும்போது 15 போட்டு பிளஃப் செய்தால், அவர் மூன்றில் ஒரு முறையாவது விட்டால்தான் உங்களுக்குக் கை கடிக்காது. பாட் அளவுக்கே போட்டால் இரண்டில் ஒரு முறை விட வேண்டும். இவர் அந்தப் பக்கமே வரமாட்டார். பிளஃபை அடியோடு நிறுத்துங்கள்.

நிறுத்திவிட்டுப் பணம் எடுக்கும் கையில் தொகையைக் கூட்டுங்கள். மற்றவரிடம் பாதி பாட் போடும் டாப் பேருக்கு (மிகப் பெரிய பொதுச் சீட்டோடு சேரும் ஜோடி) இவரிடம் முக்கால் பாட். ரிவரில் செக் செய்து (பணம் போடாமல் முறையைக் கடத்தி) திருப்திப்பட்டுக்கொண்ட கைகளுக்கும் ஒரு பெட் (பந்தயம்). ஆனால் கால் மட்டுமே செய்துவந்த ஆள் திடீரென்று ரெய்ஸ் செய்தால், அந்த டாப் பேரை அங்கேயே ஃபோல்ட் செய்துவிடுங்கள்.

கேள்வி: ராஜா-ராணியோடு ரெய்ஸ், ஒருத்தர் கால். ஃப்ளாப் ராஜா-8-3, டர்ன் 6, ரிவர் 2. ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) எங்கேயும் வழியில்லை. ஃப்ளாப்பிலும் டர்னிலும் பெட் போட்டேன், கால் செய்தார். ரிவரில் பாட் 60 பி.பி. நான் 30 போட்டேன், அவர் 100 ஆக்கினார். அமைதியான ஆள், மூன்று மணி நேரத்தில் இதுதான் அவருடைய முதல் ரெய்ஸ். கால் செய்திருக்க வேண்டுமா, சார்?

பதில்: ஃபோல்ட். ஏன் என்று கணக்காகவே பார்ப்போம்.

இன்னும் 70 வைத்து, அங்கே இருக்கும் 190-க்குப் போட்டியிடுகிறீர்கள். 70-ஐ 260-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 27 சதவீதம். நூற்றுக்கு 27 முறையாவது நீங்கள் ஜெயிக்க வேண்டும்.

அவர் கையில் என்ன இருக்கலாம்? 8 ஜோடி மூன்று விதமாக வரலாம், 6 ஜோடி மூன்று, 3 ஜோடி மூன்று. பொதுச் சீட்டோடு சேர்ந்து ஒரே எண்ணில் மூன்றாகி உங்களை வெல்லும் கைகள் ஆக 9. ராஜா-8 போன்ற இரண்டு ஜோடிக் கைகளைச் சேர்க்கவே இல்லை. இந்த 9-க்கு எதிராக, நீங்கள் ஜெயிக்கும் கைகள் குறைந்தது 4 இருந்தால்தான் கால் லாபம். இப்போது அந்த நாலைத் தேடிப் பாருங்கள். ஃப்ளஷ் முயற்சி எதுவும் இல்லை. 7-5, 9-7 மாதிரி, ஐந்து தொடர் எண்களுக்குக் காத்திருந்து தவறிப்போன கைகள் காகிதத்தில் இருக்கின்றன. மூன்று மணி நேரமாக ரெய்ஸே செய்யாதவர் அவற்றை வைத்துக்கொண்டு 100 பி.பி. தள்ளுவாரா? ராஜா-ஜாக்கி இருந்தால் கால் செய்துவிட்டுச் சும்மா இருப்பார். அந்த நாலு கை கிடைக்கவே இல்லை.

இதே தொகையை, மணிக்கு நாலைந்து முறை ரெய்ஸ் செய்து, பிளஃபைத் திறந்தும் காட்டிய ஒருவர் போட்டிருந்தால் நான் கால் சொல்வேன். சீட்டும் விலையும் அதேதான், ஆள் மாறியதால் விடை மாறுகிறது.

கேள்வி: கை நடுக்கம், கண் பார்வை இதையெல்லாம் நம்பலாமா?

பதில்: பெட் வரலாறுதான் முதல் சாட்சி. முடிவு ஊசலாடும்போது ஒரு பக்கம் சாய்க்க மட்டும் உடம்பைக் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் இயல்பு எது என்று முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். எப்போதும் கை நடுங்கும் ஆளின் நடுக்கத்துக்கு அர்த்தம் இல்லை. அதுவரை நிதானமாக இருந்த கை, சிப்ஸை நகர்த்தும்போது திடீரென்று நடுங்கினால் பெரும்பாலும் பலமான சீட்டு.

எனக்கு அதிகம் பயன்படுவது இது: ஃப்ளாப்பில் மூன்றும் ஆட்டின் விழுகிறது, ஒருவர் தன் சீட்டை மறுபடி தூக்கிப் பார்க்கிறார். இரண்டு ஆட்டின் வைத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் நினைவிருக்கும். பார்ப்பவரிடம் ஒன்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஃப்ளஷ் அமைந்திருக்க வாய்ப்பு குறைவு.

ஃப்ளாப்பில் யோசிக்காமல் உடனே கால் செய்தால், ரெய்ஸ் பற்றி அவர் நினைக்கவே இல்லை. நடுத்தரக் கை, அல்லது ஏதோ ஒன்றுக்குக் காத்திருக்கிறார்.

கேள்வி: எல்லாக் கையையும் ரெய்ஸ் செய்பவர் என் இடப்பக்கம். என்ன செய்வது?

பதில்: இடம் காலியானதும் டீலரிடம் கேட்டு அவருக்கு இடப்பக்கம் மாறுங்கள். அவர் உங்களுக்கு முன்னால் செயல்பட வேண்டும். மாறும்வரை 7-6 மாதிரி கைகளை விட்டுவிட்டு, பலமான கையில் செக் செய்து அவரையே போடவிடுங்கள். மாறிய பிறகு ஏஸ்-ஜாக்கி, 10 ஜோடி போன்றவற்றோடு அவர் ரெய்ஸை மூன்று மடங்காக்கித் தனியாகப் பிடியுங்கள். அவரையே பார்த்துக்கொண்டு மற்றவரை மறப்பதுதான் வழக்கமான தப்பு. அவருடைய ரெய்ஸுக்குக் கால் சொன்ன அமைதியான ஆளிடம்தான் உண்மையான சீட்டு இருக்கும்.

கேள்வி: ஸ்ட்ராடில் (சீட்டு வருமுன் ஒருவர் விருப்பமாக வைக்கும், பிக் பிளைண்டைவிடப் பெரிய தொகை) போட்டால் என்ன மாறும்?

பதில்: இரண்டு மடங்கு ஸ்ட்ராடில் என்றால் உங்கள் 100 பி.பி. அந்தக் கைக்கு 50 ஆகிவிடும். சின்ன ஜோடியோடு செட் (கையில் ஜோடி, பொதுச் சீட்டில் அதே எண் ஒன்று) தேடிக் கால் செய்வதைக் குறையுங்கள். செட் ஃப்ளாப்பில் எட்டரை முறைக்கு ஒன்றுதான் விழும். தவறிய முறைகளுக்கு ஈடுகட்டப் பின்னால் போதுமான சிப்ஸ் இருக்காது.

கேள்வி: நிதானமாக ஆடியவர் பெரிய பாட் தோற்றதும் ஆட்டம் மாறிவிட்டது. அவரை பிளஃபால் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். தோற்ற கோபத்தில் இருப்பவர் விட்டதைப் பிடிக்கத்தான் பார்ப்பார், ஃபோல்ட் செய்ய மனசு வராது. தன் முறை வருமுன்பே சிப்ஸை எடுப்பது, மறுபடி சிப்ஸ் வாங்கிய உடனே பெரிய ரெய்ஸ், ஃபோல்ட் செய்யும் சீட்டை வீசி எறிவது எல்லாம் அடையாளங்கள். அவரிடம் நல்ல கையோடு மட்டும் போய் வழக்கத்தைவிடப் பெரிதாகப் போடுங்கள். இரண்டு, மூன்று கைகளைத் தானாக ஃபோல்ட் செய்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் பழைய ஆள் திரும்பிவிட்டார். நீங்களும் பழைய கணக்குக்குத் திரும்புங்கள்.